குத்துக்காலிட்டே 19 வருடம்: கேட்சர் யாடியர் மொலினா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் பேஸ்பால் பார்க்க உட்கார்ந்தால், கண் முதலில் பந்து போடுபவர் மேலும் அடிப்பவர் மேலும்தான் போகும். இருவருக்கும் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு மண்ணில் குந்தியிருக்கும் ஆளைக் கவனிக்க ஆரம்பிக்கச் சில மாதங்கள் ஆகும். எனக்கு ஒரு சீசனே ஆனது. கவனிக்க வைத்தவர் மொலினா. நண்பர்கள் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

யார் இந்த மொலினா?

புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோன் ஊரில் 1982 ஜூலை 13 அன்று பிறந்தவர். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2004 முதல் 2022 வரை 19 சீசன்கள் ஆடினார். அத்தனையும் ஒரே அணிக்கு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு. 2006, 2011 என்று இரண்டு முறை, லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. சிறந்த தடுப்பாட்டத்துக்குக் கொடுக்கும் கோல்ட் குளவ் விருது 9 முறை. சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு 10 முறை. கேட்சராக மட்டும் 2,184 ஆட்டங்கள். ஒரே அணிக்காக வேறு எந்த கேட்சரும் இத்தனை ஆட்டம் ஆடியதில்லை. எல்லா அணிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 2,427 ஆட்டங்களுடன் இவான் ரோட்ரிகஸ் முதலிடத்தில் இருக்கிறார். அவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்தான்.

ரசிகர்களுக்கு இவர் வெறும் "யாடி".

கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் மாதிரிதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கீப்பருக்கு முன்னால் பந்து தரையில் பட்டு எழும்பி வரும், வேகப்பந்து என்றால் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் தள்ளியும் நிற்கலாம். கேட்சருக்கு அந்தச் சலுகை கிடையாது. அடிப்பவருக்கு நேர் பின்னால், மட்டை வீச்சு எட்டிவிடுமோ என்ற தூரத்தில் உட்கார வேண்டும். பந்து போடும் மேடு 18.44 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பந்து நேராக வந்து இறங்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம், அடுத்து என்ன பந்து போடலாம் என்று முதலில் சொல்வது கேட்சர். பந்து போடுபவர், அதாவது பிட்சர், தலையாட்டி ஒத்துக்கொள்வார் அல்லது மறுப்பார். மைதானத்தில் ஒன்பது பேர் நின்றால் எட்டு பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்பார்கள். கேட்சர் மட்டும் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முழுவதும் தெரியும் ஒரே இருக்கை அதுதான். உட்காரக் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

எப்படி இந்த வேலைக்கு வந்தார்?

வீட்டுத் தொழில் என்றே சொல்லலாம். அண்ணன்கள் பெஞ்சி, ஹோசே இருவரும் மேஜர் லீக் கேட்சர்கள். 2002இல் ஏஞ்சல்ஸ் அணி கோப்பை வென்றபோது இரண்டு அண்ணன்களும் அதே அணியில் இருந்தார்கள். தம்பி அப்போது கீழ்மட்ட லீகில் பியோரியா என்ற ஊரில் ஆடிக்கொண்டிருந்தார். மூன்று சகோதரர்களும் கேட்சர்களாகி, மூவரும் கோப்பை வென்ற குடும்பம் இது ஒன்றுதான்.

அப்பா பெஞ்சமின் புவேர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் லீகில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர். பகலில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் வீட்டுக்கு எதிர்ப்புறத்து மைதானத்தில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பயிற்சி. 2008 அக்டோபரில் அதே மைதானத்தில்தான் மாரடைப்பு வந்து விழுந்து இறந்துபோனார். அவர் பையில் இருந்தவை ஒரு பேஸ்பால் விதிப் புத்தகம், ஒரு அளவு நாடா, ஒரு லாட்டரிச் சீட்டு. மூன்று கேட்சர்களை வளர்த்த மனிதரின் சொத்துக் கணக்கு இந்த மூன்றும்தான் என்று எனக்குத் தோன்றும்.

யாடியை 2000ஆம் ஆண்டு வீரர்கள் தேர்வில், நான்காவது சுற்றில், கார்டினல்ஸ் எடுத்தது. ஜான்சன் சிட்டி, பியோரியா, டென்னசி, மெம்பிஸ் என்று படிப்படியாக நான்கு வருடம். மேல் அணியில் அப்போது மைக் மெத்தினி கேட்சர். அவரும் கோல்ட் குளவ் வாங்கியவர். அவருக்குக் காயம்பட்டபோதுதான், 2004 ஜூன் 3 அன்று, யாடிக்கு முதல் ஆட்டம் கிடைத்தது. அந்த சீசன் முடிந்ததும் மெத்தினி வேறு அணிக்குப் போனார், இடம் காலியானது. வேடிக்கை என்னவென்றால் 2012இல் அதே மெத்தினி கார்டினல்ஸின் மேனேஜராகத் திரும்பி வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்த பையனுக்கே மேலாளர்.

"ரன்னர்களைத் தடுப்பதில் மன்னன்" என்கிறார்களே, அது என்ன?

பேஸ்பாலில் அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டில் தொடங்கி, மூன்று பேஸ்களையும், அதாவது தரையில் பதித்த நிறுத்தங்களையும், சுற்றித் திரும்பி வந்தால் ஒரு ரன். முதல் பேஸில் நிற்கும் ரன்னர், பிட்சர் பந்து போடத் தொடங்கியதும் இரண்டாவது பேஸுக்கு ஓடித் திருடலாம். அடி விழ வேண்டும் என்ற அவசியமில்லை. அவரைத் தடுப்பது கேட்சரின் வேலை.

நொடிக் கணக்கில் பாருங்கள். பிட்சர் கை கால் அசைத்துப் பந்தை விட்டு அது கேட்சர் கைக்கு வர ஏறத்தாழ 1.3 நொடி. கேட்சர் பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து, எழுந்து, எறிந்து, அது இரண்டாவது பேஸில் நிற்பவர் கைக்குப் போய்ச் சேர 1.9 முதல் 2 நொடி. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் ஏறத்தாழ 38.8 மீட்டர். மொத்தம் 3.3 நொடி. நல்ல வேகக்காரர் ஒருவர் மூன்றரை மீட்டர் முன்னகர்ந்து நின்று ஓடினால், அவருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். ஆக, கேட்சர் பந்தை எடுக்கும்போது விரல் தையலில் சரியாக உட்காராமல் ஒரு இமைப்பொழுது தடவினால் கதை முடிந்தது.

2005இல் மொலினா முழுநேர கேட்சரானார். அந்த வருடம் அவரை எதிர்த்து 39 பேர் திருடப் பார்த்தார்கள், 25 பேர் அவுட். அதாவது 64 சதவீதம். பொதுவாக கேட்சர்கள் 30 சதவீதத்தைத் தொட்டாலே நல்ல பெயர் கிடைக்கும். அவருடைய வாழ்நாள் கணக்கு சுமார் 40.

ஆனால் நான் சொல்ல வருவது அந்த 25 பேரைப் பற்றி அல்ல. 39 என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு சீசன் முழுக்க, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், ஓடத் துணிந்ததே அவ்வளவு பேர்தான். மற்றவர்கள் முதல் பேஸிலேயே காலை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடக்காமல் போன திருட்டுக்கு எந்த ஸ்கோர் அட்டையிலும் கட்டம் கிடையாது. மொலினாவின் பாதி வேலை இப்படித்தான். நடக்காத விஷயங்களில் இருக்கிறது. தெருவில் நாய் இருக்கும் வீட்டில் திருட்டு நடக்கவில்லை என்றால் நாய் எத்தனை திருடனைப் பிடித்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை அல்லவா?

முதல் பேஸை விட்டுக் கொஞ்சம் அதிகம் நகர்ந்து நிற்பவரையும் அவர் விடமாட்டார். பந்தைப் பிடித்த கையோடு, மண்டியிட்ட நிலையிலேயே, எழுந்திருக்காமல் முதல் பேஸுக்கு எறிவார். அங்கே சக ஆட்டக்காரர் ஆல்பர்ட் புஹோல்ஸ் காத்திருப்பார். ரன்னர் திரும்பிப் பார்ப்பதற்குள் தொட்டுவிடுவார்கள்.

சைகை காட்டுவது எதற்கு? நேராகச் சொல்லிவிடக் கூடாதா?

சொன்னால் அடிப்பவருக்கும் கேட்குமே. அதனால் தொடைகளுக்கு நடுவில் விரல் காட்டுவார்கள். வழக்கமாக ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைந்து இறங்கும் கர்வ். இரண்டாவது பேஸில் எதிரணி ரன்னர் நின்றால் அவருக்கு விரல் நன்றாகத் தெரியும். அப்போது நான்கைந்து சைகைகளை வரிசையாகக் காட்டி, எது நிஜம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சைகையை 2017இல் திருடித்தான் ஹூஸ்டன் அணி, 2019இல் விஷயம் வெளியே வந்ததும், பெரிய அவமானத்தில் மாட்டியது. கேமராவில் கேட்சரின் விரலைப் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டி, அடிப்பவருக்குத் தகவல் சொன்னார்கள். 2022 முதல் கேட்சர் கையில் பட்டன் வைத்த சின்னக் கருவி, பிட்சர் தொப்பிக்குள் குட்டி ஸ்பீக்கர் என்று ஏற்பாடு மாறிவிட்டது. மொலினாவின் கடைசி வருடம் அது. 18 வருடம் விரல் காட்டிய ஆள் விடைபெற்றபோது பட்டன் காலம் வந்துவிட்டது.

என்ன பந்து கேட்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 2006 அக்டோபர் 19, நியூயார்க் ஷே ஸ்டேடியம். வேர்ல்ட் சீரிஸுக்குப் போவதற்கான தொடரில் மெட்ஸ் அணியுடன் ஏழாவது, கடைசி ஆட்டம். 1-1 என்று சமநிலை. அந்த சீசனில் மொலினா அடித்தது வெறும் .216 சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 216 ஹிட் என்ற கணக்கு), 6 ஹோம் ரன், அதாவது வேலி தாண்டிய அடி. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆரன் ஹைல்மன் போட்ட பந்தை இடது பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். இரண்டு ரன் சேர்ந்து 3-1. அரங்கம் மௌனம்.

கதை அங்கே முடியவில்லை. மெட்ஸ் பதிலுக்கு ஆடியபோது மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட் (மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது), அடிக்க வந்தவர் கார்லோஸ் பெல்ட்ரான். அந்தத் தொடரில் கார்டினல்ஸைப் போட்டுப் புரட்டியவர் அவர். பந்து போட்டது ஆடம் வெய்ன்ரைட், அறிமுக சீசன் பையன். மொலினா மேட்டுக்கு நடந்துபோய்ப் பேசினார். முதலில் வேகப்பந்து என்பதுதான் எண்ணம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மனசை மாற்றிக்கொண்டார். வேகம் குறைந்து வரும் சேஞ்ச்-அப் கேட்டார். பெல்ட்ரான் தொடவில்லை, ஸ்ட்ரைக். அதாவது அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்தும் விட்ட பந்து; மூன்று சேர்ந்தால் அவுட். அடுத்தது கர்வ், மட்டையில் உரசி வெளியே போனது, அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான். மூன்றாவதும் கர்வ். தோளுயரத்தில் கிளம்பி, முழங்காலருகே வந்து விழுந்தது. பெல்ட்ரான் மட்டையை அசைக்கவே இல்லை. அம்பயர் கை உயர்ந்தது, கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸுக்குள். அங்கே டெட்ராய்ட்டை 4-1 என்று வென்றார்கள்.

அன்றைய செய்தியில் மொலினாவின் ஹோம் ரன் முதல் வரி. நான் கேட்டால், அந்தச் சேஞ்ச்-அப்தான் அவர் வாழ்க்கையின் முதல் வரி.

பந்தைப் பிடிக்கும்போது கையுறையை லேசாக உள்ளே இழுப்பது ஏமாற்று இல்லையா?

நியாயமான கேள்வி. எல்லைக்கோட்டில் வரும் பந்தை அம்பயருக்கு ஸ்ட்ரைக் மாதிரித் தோன்றும்படி அமைதியாகப் பிடிப்பதற்கு ஃபிரேமிங் என்று பெயர். விதியில் இதற்குத் தடை இல்லை. வெடுக்கென்று இழுத்தால் அம்பயர் எரிச்சலாகி எதிராகச் சொல்லிவிடுவார். பந்து வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே போய், மெல்ல வாங்கி, ஆடாமல் நிறுத்த வேண்டும். எண்களை வைத்து இதை முதன்முதலாக அளந்தபோது உச்சியில் நின்றவர் யாடி இல்லை, அண்ணன் ஹோசே. அடிப்பதில் சுமாரான அவரை அணிகள் ஏன் வைத்துக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் வெளியே இருந்தவர்களுக்குப் புரிந்தது.

அடி படாதா?

படாமல் எப்படி? ஒரு ஆட்டத்தில் ஒரு அணி சுமார் 140, 150 பந்து போடுகிறது. 2,184 ஆட்டம் என்றால், தோராயமாக மூன்று லட்சம் முறை குந்தி எழுந்திருக்கிறார். நம் ஊரில் ஐம்பது தோப்புக்கரணம் போட்டாலே மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது.

பெரிய அடிகள் சில. 2014 ஜூலையில் பேஸுக்குள் சறுக்கியபோது கட்டைவிரல் தசைநார் கிழிந்தது, அறுவை சிகிச்சை. 2018 மே மாதம் நடந்ததைச் சொன்னாலே ஆண்கள் நெளிவார்கள். ஜோர்டன் ஹிக்ஸ் மணிக்கு 164 கிலோமீட்டர் வேகத்தில் போட்ட பந்து, கிரிஸ் பிரையன்ட் மட்டையில் உரசித் திசை மாறி, இடுப்புக்குக் கீழே நேராக வந்து பட்டது. அன்று இரவே அவசர அறுவை சிகிச்சை. கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

ஓடி வரும் ஆட்கள் மோதுவது இன்னொரு ஆபத்து. 2011இல் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸியின் கால் அப்படித்தான் உடைந்தது. 2014 முதல் ஹோம் பிளேட்டில் வேண்டுமென்றே மோதத் தடை வந்தது. போஸி 34 வயதிலேயே ஓய்வு பெற்றார். மொலினா 40 வரை ஆடினார்.

பந்து அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது என்பது உண்மையா?

உண்மை. 2017 ஏப்ரல் 6, சிகாகோ கப்ஸுடன் ஆட்டம். பந்து மண்ணில் பட்டுக் குதித்தது, அடிப்பவர் வீசித் தவறினார், மூன்றாவது ஸ்ட்ரைக். கேட்சர் மூன்றாவது ஸ்ட்ரைக்கைச் சுத்தமாகப் பிடிக்காவிட்டால் அடிக்க நின்றவர் முதல் பேஸுக்கு ஓடலாம் என்பது விதி. மொலினா இடப்பக்கம் தேடுகிறார், வலப்பக்கம் தேடுகிறார், பின்னால் திரும்பிப் பார்க்கிறார். பந்து அவருடைய மார்புக் கவசத்தில், பல்லி சுவரில் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது! ரன்னர் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கைல் ஷ்வார்பர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தையே திருப்பினார்.

கவசத்தில் பசை ஏதும் தடவினீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு மொலினா கடுப்பாகி மறுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் நம் பெரியவர்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

பேட்டிங் எப்படி?

ஆரம்பத்தில் மோசம், நடுவில் அருமை, கடைசியில் சுமார். 2012இல் .315 சராசரி, 22 ஹோம் ரன். 2013இல் .319. லீகின் மதிப்புமிக்க வீரர் வாக்கெடுப்பில் முதல் வருடம் நான்காவது, அடுத்த வருடம் மூன்றாவது. மொத்தக் கணக்கு 2,168 ஹிட், 176 ஹோம் ரன், .277 சராசரி.

சம்பளம்?

2013 முதல் ஐந்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர். அடுத்த மூன்று வருடத்துக்கு 6 கோடி. கடைசி இரண்டு வருடமும் ஒவ்வொரு வருடமாகக் கையெழுத்திட்டார்: 90 லட்சம், அப்புறம் 1 கோடி.

வெய்ன்ரைட்டுடன் ஏதோ சாதனை என்கிறார்களே?

2006இல் பெல்ட்ரானுக்குப் பந்து போட்ட அதே பையன்தான். அடுத்த வருடத்திலிருந்து தொடக்கப் பிட்சரானார். அவரும் மொலினாவும் ஜோடியாகத் தொடங்கிய ஆட்டங்கள் 328. மேஜர் லீக் வரலாற்றில் வேறு எந்த ஜோடிக்கும் இத்தனை இல்லை. டெட்ராய்ட்டின் மிக்கி லோலிச், பில் ஃபிரீஹன் ஜோடியின் 324 தான் பழைய சாதனை. 2022 செப்டம்பர் 14 அன்று அதைத் தாண்டினார்கள். இந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு ஒரு சீருடை மாற்றுகிறார்கள். இருவர் காயம், ஒப்பந்தம், வயது எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஊரில் இத்தனை சீசன் சேர்ந்து ஆடுவது இனி நடக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர் எப்போதாவது பந்து போட்டிருக்கிறாரா?

போட்டார், 2022 மே மாதம் பிட்ஸ்பர்க்கில். கார்டினல்ஸ் ஏகப்பட்ட முன்னிலையில் இருந்ததால் கடைசி இன்னிங்ஸை வேடிக்கையாக அவரிடம் கொடுத்தார்கள். நான்கு ரன் விட்டுக்கொடுத்தார். 18-4 என்று ஆட்டம் முடிந்தது.

பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்குமா?

ஓய்வுக்குப் பின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பதால் 2028க்கான வாக்கெடுப்பில்தான் அவர் பெயர் வரும். நூற்றுக்கு 75 பத்திரிகையாளர்கள் வாக்களிக்க வேண்டும். கூடாது என்பவர்கள் பேட்டிங் எண்களைக் காட்டுகிறார்கள்; அடிப்பதில் மொத்தத்தில் அவர் லீக் சராசரிக்குக் கொஞ்சம் கீழேதான், அதை மறுக்க முடியாது. வேண்டும் என்பவர்கள் கோல்ட் குளவ், இரண்டு கோப்பை, 2013, 2017 உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப்போட்டிக்குப் புவேர்ட்டோ ரிக்கோவைக் கொண்டுபோனது எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். என் வாக்கு இருந்தால் அவருக்குத்தான். ஓடாமல் நின்ற ரன்னர்களை யாராவது எண்ணித்தானே ஆக வேண்டும்?

கடைசி ஆட்டம் எப்படி இருந்தது?

2022 அக்டோபர் 8, செயின்ட் லூயிஸ். பிலடெல்பியாவுடன் பிளே-ஆஃப், தோற்றால் வீட்டுக்கு. 2-0 என்று பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மொலினா மட்டையுடன் வந்தார். சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்றது. ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போனார். நாற்பது வயது கால்கள், சமன் செய்ய ரன் தேவை. மேனேஜர் அவருக்குப் பதிலாக ஓட ஒரு இளைஞனை அனுப்பினார். யாடி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து உள்ளே போனார்.